கோடு காட்டிய முத்து வரலாறு

முத்துக்குளித்துறை என்றவுடன் நம் நெஞ்சில் முதலில் எழுவது கொற்கை. அகநானூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கை முத்தைப் போற்றுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான 'பெரிப்ளூஸ்', தண்டனை பெற்ற கைதிகளே அங்கு முத்துக் குளித்தனர் என்கிறது. இவற்றைப் படிப்போர் உள்ளத்தில், இக்கடல் ஆண்டுதோறும் முத்தை வாரி வழங்கியது என்னும் எண்ணம் பதிந்துவிடுகிறது. நானும் நெடுங்காலம் அவ்வாறே கருதினேன். அவ்வாறே கற்பித்தும் வந்தேன். அதனை மாற்றியது ஒரு நூலன்று. கரும்பலகையில் இழுத்த ஒரு கோடு.

கோடும் புள்ளியும்

காலத்தை நீளமாக்கிக் காட்டும் முறை புதியதன்று. 1765இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, ஏறத்தாழ 2000 சான்றோரின் வாழ்நாளைக் கோடுகளாக வரைந்து ஒரே படமாக வெளியிட்டார். எவர் எவருடைய காலத்தவர் என்பது பார்த்த அளவிலேயே விளங்கிற்று.

அம்முறையில், 1800 முதல் இன்றுவரை வகுப்பில் ஒரு கோடு இழுத்தோம். பத்தாண்டுக்கு நான்கு விரற்கடை. சிப்பிகள் பற்றி வளரும் கடலடிப் பாறைப்பரப்பைப் 'பார்' என்பர். தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளுக்கு மட்டும் புள்ளி வைத்தோம். பட்டியலில் வெறும் எண்களாய் நின்றவை, கோட்டில் ஏறியதும் பேசத் தொடங்கின. மாணவர் கண் சென்றது புள்ளிகளின்மேலன்று, இடைவெளிகளின்மேல்.

1830 – 1860 : 30 ஆண்டுகள்
1862 – 1889 : 27 ஆண்டுகள்
1928 – 1955 : 27 ஆண்டுகள்
1961 – இன்றுவரை : 60 ஆண்டுகளுக்கும் மேல்

வெற்றிடம் உரைப்பது

கடலின் இயல்பு வழங்குதல் அன்று, ஓய்தலே என்பது இதனால் புலனாகும். குஞ்சுச் சிப்பிகள் கோடிக்கணக்கில் படிந்தும் முதிருமுன் மறைந்துபோவதுண்டு. ஆதலின் அரசினர் மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிட்ட பின்னரே குளிப்புக்கு நாள் குறித்தனர். எதிர்க்கரையான இலங்கையில் 1905இல் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பெற்றன. அவ்வளத்தை நம்பி 1906இல் ஒரு நிறுவனம் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளிலேயே பார்கள் வறண்டன, நிறுவனமும் வீழ்ந்தது. சில புள்ளிகளைக் கண்டு கோடு முழுவதையும் கணித்ததன் விளைவு அது.

நான்காம் வெற்றிடமோ முன்னைய எதனினும் இருமடங்கு நீண்டது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. எனினும் பார்களின் கோட்டில் புதிய புள்ளி விழவில்லை. இதனையும் பழைய ஓய்வுகளுள் ஒன்றெனக் கொள்ளல் இயலுமா? முத்துநகர் என நாம் பெருமையுடன் வழங்கும் பெயர் இந்த வெற்றிடத்தின்மேல் நிற்கிறது.

கோட்டிற்கும் எல்லை உண்டு. அது 'எப்போது' என்று கூறும். 'ஏன்' என்று கூறாது. கல்லைக் காலில் கட்டி மூச்சடக்கி மூழ்கியவரும், மேலே கயிறு பிடித்தவரும், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதிய கடல்கட்டியும் அதில் இல்லை. அவர்களைக் காட்டுவது கவிஞர் கடன். ஆனால் வெற்றிடத்தை அறியாமல் முத்தைப் பாடுவது பழம்புகழைத் திருப்பிச் சொல்வதாகவே முடியும்.

நம் வட்டத்தின் பத்தாண்டும் அக்கோட்டில் நான்கு விரற்கடையே. அந்த நான்கு விரற்கடையும் வெற்றிடத்திற்குள்தான் அடங்கியுள்ளது.