மெதக் கண்ணாடியும் காஞ்சி ஓவியமும்

சமணனுக்குக் கிறிஸ்தவ ஓவியத்தில் என்ன வேலை என்று சங்கத்து அன்பர்கள் கேட்கலாம். நான் கடை வைத்துப் பிழைத்தவன். ஓவியம் முறையாகப் படித்தவனில்லை. ஆனாலும் படத்தைப் படிக்கும் முறை மதத்துக்கு மதம் அதிகம் மாறுவதில்லை என்று கண்டுகொண்டேன்.

எங்கள் தீர்த்தங்கரர் 24 பேரும் பெரும்பாலும் ஒரே சாயல்தான். பீடத்தைப் பாருங்க: காளை இருந்தால் ரிஷபர், சிங்கம் இருந்தால் மகாவீரர். கிறிஸ்தவ ஓவியத்திலும் இதே கணக்குதான். கையில் சாவி இருந்தால் பேதுரு, அருகே கழுகு இருந்தால் யோவான், சிங்கம் இருந்தால் மாற்கு. சின்னம் ஆளைச் சொல்லும். அமைப்பு கருத்தைச் சொல்லும்.

அமைப்புக்கு நல்ல உதாரணம் மெதக் பேராலயம். அல்வாலிலிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். வெஸ்லியன் பாதிரியார் சார்லஸ் வாக்கர் பாஸ்நெட், பஞ்சத்தில் வாடிய ஜனங்களுக்கு வேலையும் சோறும் கொடுத்துக் கட்டிய ஆலயம் அது. 1924 டிசம்பர் 25இல் அர்ப்பணம் ஆயிற்று. இங்கிலாந்து ஓவியர் பிராங்க் சாலிஸ்பரி வரைந்த மூன்று வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் அங்கே உண்டு. கதை வரிசைப்படி பிறப்பு, சிலுவை, விண்ணேற்றம் என்றுதானே வரவேண்டும்? அப்படி இல்லை. பலிபீடத்துக்குப் பின்னால் நடுநாயகமாக இருப்பது விண்ணேற்றம். பிறப்பும் சிலுவையும் இரண்டு பக்கங்களில். வைத்த வரிசையிலும் 1927இல் விண்ணேற்றமே முதல். 1947இல் பிறப்பு, 1958இல் சிலுவை. பட்டினியையும் சாவையும் கண்ட ஜனங்கள் ஜெபிக்க நிற்கும்போது, நேர் எதிரே தெரிவது மேலே எழும் உருவம். எனக்குப் பட்ட பொருள் இதுதான்.

எங்கள் காஞ்சி திருப்பருத்திக்குன்றத்தில் முறை வேறு. விஜயநகரத்து இருகப்பர் 1387-88இல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில், தீர்த்தங்கரர் வரலாறு பட்டை பட்டையாக, நடந்த வரிசையிலேயே ஓடுகிறது. மெதக்கில் இடம் பேசுகிறது, காஞ்சியில் வரிசை பேசுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மெதக் ஜன்னலுக்கு வெயில் போதும். பொழுது சாய்ந்தால் உள்ளே இருப்பவருக்கு உருவம் மறைந்துவிடும். காஞ்சிப் படங்களுக்கோ கீழே தமிழில் விளக்க வரி எழுதியிருக்கிறார்கள். காளையையும் சிங்கத்தையும் நம் வீட்டுப் பிள்ளைகள் அடையாளம் கண்டுவிடுவார்கள். தெலுங்கும் ஆங்கிலமும் மட்டுமே படித்து வளர்ந்தால் அந்த வரியை யார் படித்துச் சொல்வது? பிள்ளைகளை இரண்டு இடத்துக்கும் அழைத்துப் போங்க. போகுமுன் தமிழ் எழுத்தைக் கற்றுக் கொடுத்துவிடுங்க.