மும்பை சிவாஜி பார்க்: ஒரு மைதானம், 45 நாட்கள், ஓயாத சர்ச்சை

மும்பை: தாதரில் உள்ள சிவாஜி பார்க் மைதானத்தில் தசரா பொதுக்கூட்டம் நடத்த யாருக்கு அனுமதி என்ற கேள்வி, 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சிவசேனையின் இரு பிரிவுகளுக்கு இடையேயான பலப்பரீட்சையாகவே நாடு அதைப் பார்த்தது. மைதானத்தைச் சுற்றி வசிப்பவர்களுக்கோ, அது பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கின் இன்னொரு அத்தியாயம். விளையாட்டுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு திறந்தவெளியை ஆண்டில் எத்தனை நாட்கள் பிற காரியங்களுக்கு விட்டுக்கொடுக்கலாம், அதை யார் முடிவு செய்வது என்பதே அந்த வழக்கின் சாரம்.

மைதானத்தின் பரப்பு ஏறத்தாழ 28 ஏக்கர். 1925-இல் மும்பை மாநகராட்சி இதனை ‘மாஹிம் பார்க்’ என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மாநகராட்சி உறுப்பினராக இருந்த அவந்திகாபாய் கோகலேயின் முயற்சியால் 1927-இல் சத்ரபதி சிவாஜியின் பெயர் சூட்டப்பட்டது. மைதானத்தைச் சுற்றி, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், உட்காரும் உயரத்துக்குக் கட்டப்பட்ட சிறு சுவர் உண்டு. உள்ளூர் மக்கள் அதனைக் ‘கட்டா’ என்கிறார்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் முதியோரும், மாலையில் அரட்டைக்குக் கூடும் இளைஞரும் அமரும் இடம் அது. உள்ளே ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருக்கமாகக் கிரிக்கெட் ஆடுகளங்கள். பயிற்சியாளர் ரமாகாந்த் அச்ரேக்கர் சச்சின் டெண்டுல்கரையும் வினோத் காம்ப்ளியையும் உருவாக்கியது இங்கேதான். உடற்பயிற்சிக் கூடமான சமர்த் வியாயாம் மந்திர், துர்கா பூஜை நடத்தும் பெங்கால் கிளப், ஜிம்கானா ஆகியவையும் மைதானத்தை ஒட்டியே இயங்குகின்றன.

இதே மைதானம் மராத்தி அரசியலின் மேடையுமாகும். தனி மாநிலம் கோரிய சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தின் பெருங்கூட்டங்கள் இங்கு நடந்தன. 1966 அக்டோபர் 30 அன்று பால் தாக்கரே தமது கட்சியின் முதல் தசரா கூட்டத்தை இங்கு நடத்தினார். 2006-இல் ராஜ் தாக்கரே மகாராஷ்டிர நவநிர்மாண் சேனையைத் தொடங்கியபோதும் முதல் கூட்டத்துக்கு இந்த மைதானத்தையே தேர்ந்தெடுத்தார். அக்கட்சியின் குடிபாட்வா கூட்டமும் இங்கேயே நடப்பது வழக்கமாகியுள்ளது. ஆகவே, மும்பையில் ஒரு கட்சி வேறு மைதானத்துக்குச் செல்ல நேர்ந்தால் அது இடமாற்றமாகக் கருதப்படுவதில்லை, பின்வாங்கலாகவே கருதப்படுகிறது. சர்ச்சை தீராமல் நீள்வதற்கு இதுவே பெருங்காரணம்.

அமைதி மண்டலமும் நீதிமன்றமும்

மைதானத்தைச் சுற்றிலும் வீடுகளும், பால்மோகன் வித்யாமந்திர் போன்ற பள்ளிகளும் உள்ளன. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000-இன்படி மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் கொண்ட பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கு ஒலி அளவு பகலில் 50 டெசிபலையும் இரவில் 40 டெசிபலையும் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு இந்த வரம்பு முறையே 55, 45. மேடையில் ஒலிபெருக்கியின் முன் ஒருவர் உரத்துப் பேசினாலே இவ்வரம்பு தகர்ந்துவிடும் என்பதை அறிய வல்லுநர் தேவையில்லை.

இதனை முன்வைத்துக் குடியிருப்போர் தரப்பில் ‘வீகாம்’ அறக்கட்டளை தொடர்ந்த பொதுநல வழக்கில், 2010-இல் உயர் நீதிமன்றம் சிவாஜி பார்க் பகுதியை அமைதி மண்டலமாகக் கருத உத்தரவிட்டது. குடியரசு நாள், மகாராஷ்டிர நாளான மே 1, அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 போன்ற நாட்களைத் தவிர்த்து, விளையாட்டு அல்லாத நிகழ்ச்சிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் தசரா கூட்டத்துக்கு நீதிமன்றத்தை நாடி, நிபந்தனைகளுடன் அனுமதி பெறுவது கட்சிகளுக்கு வாடிக்கையாயிற்று.

2016 ஜனவரியில் மாநில அரசு வேறொரு வழியைக் கண்டது. ஆண்டில் 45 நாட்களை விளையாட்டு அல்லாத நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கி, நகர்ப்புற வளர்ச்சித் துறை அரசாணை வெளியிட்டது. தசரா கூட்டமும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. மற்ற 320 நாட்கள் விளையாட்டுக்கு. தாளில் இது தெளிவான பங்கீடுதான்.

அமைதி மண்டலம் என்ற ஏற்பாடே 2017-இல் ஆட்டம் கண்டது. மாநில அரசு தனியே அறிவித்தால் மட்டுமே ஓர் இடம் அமைதி மண்டலமாகும் என்று மத்திய அரசு அவ்வாண்டு ஆகஸ்டில் விதிகளைத் திருத்தியது. பள்ளியோ மருத்துவமனையோ அருகில் இருப்பது மட்டும் போதாது என்ற நிலை உருவானது. திருத்தத்துக்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; சில நாட்களிலேயே அத்தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கணபதி விழா நாட்களில் நடந்த இந்த மாற்றங்களால், எந்தத் தெருவில் எந்த வரம்பு என்று காவல் துறையினரே கேட்க வேண்டியதாயிற்று.

ஒரு மாலைக் கூட்டம், ஐந்து நாட்கள்

2022-இல் உத்தவ் தாக்கரே தரப்பும், ஏக்நாத் ஷிண்டே தரப்பைச் சேர்ந்த சட்டப்பேரவை உறுப்பினர் சதா சர்வண்கரும் ஒரே நாளுக்கு மைதானத்தைக் கோரினர். மாநகராட்சி பல வாரங்கள் முடிவெடுக்காமல் இருந்து, இறுதியில் சட்டம் ஒழுங்கு குறித்த காவல் துறை அறிக்கையைக் காரணம் காட்டி இரு விண்ணப்பங்களையும் நிராகரித்தது. செப்டம்பர் 23 அன்று நீதிபதிகள் ஆர்.டி. தனுகா, கமல் காதா அமர்வு அந்த முடிவைச் சட்ட நடைமுறையின் துஷ்பிரயோகம் என்று கூறி ரத்து செய்து, உத்தவ் தரப்புக்கு அனுமதி வழங்கியது. ஷிண்டே தரப்பு பாந்திரா குர்லா வளாகத்தில் உள்ள எம்எம்ஆர்டிஏ மைதானத்துக்குச் சென்றது.

அந்த உத்தரவில் அரசியல் செய்திகள் அதிகம் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. கூட்டம் அக்டோபர் 5 அன்று மாலை. மைதானத்தைப் பயன்படுத்த வழங்கப்பட்ட காலமோ அக்டோபர் 2 முதல் 6 வரை. ஒரு மாலை நேரக் கூட்டத்துக்கு ஐந்து நாட்கள். மேடை அமைக்க வேண்டும். சாரம் கட்ட வேண்டும். நாற்காலிகளும் ஒலிபெருக்கிக் கருவிகளும் ஏற்றிய லாரிகள் உள்ளே வர வேண்டும். முடிந்ததும் அனைத்தையும் பிரித்துக் கொண்டுபோக வேண்டும். இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால், கிரிக்கெட் பயிற்சிக்கு வரும் சிறுவனின் கணக்கில் இழப்பு ஒரு மாலையன்று, ஐந்து நாள். கம்பம் நட்ட குழியைச் சமன்செய்து ஆடுகளம் மீண்டும் பந்து வீசத் தகுதி பெறும் நாட்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

அரசு நிகழ்ச்சிகளும் விதிவிலக்கல்ல. 2019 நவம்பர் 28 அன்று உத்தவ் தாக்கரே முதலமைச்சராகப் பதவியேற்றது இங்கேதான். அதற்கு முந்தைய நாள், பாதுகாப்பு குறித்துக் கவலை தெரிவித்த உயர் நீதிமன்றம், பதவியேற்பு விழாக்களுக்கு இதைப் பயன்படுத்துவது வழக்கமாகிவிடக் கூடாது என்றும் சுட்டிக்காட்டியது. 2024 மக்களவைத் தேர்தல் காலத்தில், மார்ச் 17 அன்று ‘இந்தியா’ கூட்டணியின் கூட்டமும், மே 17 அன்று பிரதமர் நரேந்திர மோடியும் ராஜ் தாக்கரேயும் பங்கேற்ற கூட்டமும் இங்கு நடந்தன.

பூட்டப்படும் சாலைகள்

பெருங்கூட்டம் நடக்கும் நாளில் மைதானத்துக்கு வெளியேதான் நகரின் பெரும்பகுதிக்குப் பாதிப்பு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 115-ஆவது பிரிவு வழங்கும் அதிகாரத்தின்கீழ்ப் போக்குவரத்துக் காவல் துறை முன்கூட்டியே அறிவிப்பு வெளியிடுகிறது. மைதானத்தை ஒட்டிய கேளுஸ்கர் சாலை, எம்.பி. ராவுத் சாலை ஆகியவற்றுடன் சுதந்திர வீரர் சாவர்க்கர் சாலையிலும் வாகனங்கள் தடுக்கப்படுகின்றன அல்லது திருப்பிவிடப்படுகின்றன. சாவர்க்கர் சாலை, மாஹிமையும் பிரபாதேவியையும் இணைக்கும் முக்கியப் பாதை. அதன் ஒரு முனைப் பக்கம் ஹிந்துஜா மருத்துவமனை, மறுபக்கம் சித்திவிநாயகர் கோயில். இச்சாலை அடைபட்டால் ‘பெஸ்ட்’ பேருந்துகள் சுற்றுவழியில் செல்கின்றன. ஏற்கெனவே நெரிசல் மிகுந்த தாதர் உட்தெருக்களில் கார்கள் நுழைகின்றன. வெளியூர்ப் பேருந்துகளை எங்கு நிறுத்துவது என்ற பட்டியலும் அறிவிப்பில் இருக்கும். ஆம்புலன்ஸ் போன்ற அவசர ஊர்திகளுக்கு விலக்கு உண்டு. நெரிசலில் சிக்கிய ஊர்திக்கு அந்த விலக்கால் எவ்வளவு பயன் என்பது வேறு கேள்வி.

தீபாவளியையொட்டி மைதானத்தைச் சுற்றி நவநிர்மாண் சேனை நடத்தும் ‘தீபோத்சவ’ விளக்கு அலங்காரம் இதே பிரச்சினையின் இன்னொரு முகம். மேடையும் முழக்கமும் இல்லாத விழா என்றாலும், அலங்காரத்தைப் படம்பிடிக்க நகரின் பல பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. ரசிப்பவர்களில் உள்ளூர்வாசிகளும் உண்டு. வீட்டுக்குக் கார் கொண்டுவர முடியாமல் புலம்புவோரும் அவர்களே.

டிசம்பர் 6

சர்ச்சையின் இரு தரப்பினரும் சற்றுத் தயங்கிப் பேசும் நாள் ஒன்று உண்டு. அம்பேத்கரின் உடல் 1956-இல் தகனம் செய்யப்பட்ட சைத்ய பூமி, மைதானத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கடற்கரையில் அமைந்துள்ளது. டிசம்பர் 6-ஐ ஒட்டி மகாராஷ்டிரத்தின் சிற்றூர்களிலிருந்து லட்சக்கணக்கானோர் ரயிலில் வருகிறார்கள். விடுதியில் தங்க வசதியற்ற அவர்களுக்காக மாநகராட்சி சிவாஜி பார்க்கில் கூடாரம், குடிநீர், கழிப்பறை, மருத்துவ உதவி ஆகியவற்றை ஏற்பாடு செய்கிறது. வரிசையாக அமையும் புத்தகக் கடைகள் அந்நாளின் தனி அடையாளம்.

நீதிமன்றமும் அரசும் இந்நாளைத் தொடக்கத்திலிருந்தே விலக்குப் பட்டியலில் வைத்துள்ளன. எனினும் குப்பை, கூட்டம் பற்றிய முணுமுணுப்பு ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. கட்சிக் கூட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த முணுமுணுப்பு கவனிப்பதில்லை. கட்சிக்கு வேறு மைதானம் உண்டு. சைத்ய பூமிக்கு வருவோருக்கு அருகில் வேறு திறந்தவெளி கிடையாது. பொது இடம் யாருடையது என்ற விவாதத்தில் அருகில் வசிப்போரின் குரல் மட்டுமே கேட்கும்போது இத்தகைய வேறுபாடுகள் மறைந்துபோகின்றன.

சட்டமும் இவ்விரு பக்கங்களையும் ஏற்கிறது. அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(ஆ) பிரிவு உறுதி செய்கிறது. பொது ஒழுங்கின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடு விதிக்க 19(3) இடமளிக்கிறது. அகமதாபாத் காவல் ஆணையருக்கு எதிராக ஹிம்மத் லால் ஷா தொடர்ந்த வழக்கில், பொதுச் சாலைகளில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், அதிகாரிகளின் வரையறையற்ற விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்று 1972-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கூறியது. மறுபுறம், 1991-இல் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில், பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றியதை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. பாதிக்கப்பட்ட குடியிருப்போருக்கு வழக்குத் தொடரும் உரிமையையும் அங்கீகரித்தது.

செம்மண் புழுதி

அண்மை ஆண்டுகளில் உள்ளூர்வாசிகளின் பேச்சில் ஒலிபெருக்கியைவிட அதிகம் அடிபடுவது புழுதி. மைதானத்தைச் சீரமைக்கக் கொட்டிய செம்மண், மழை ஓய்ந்த மாதங்களில் காற்றில் எழுந்து வீடுகளின் சன்னல்களிலும் நடைப்பயிற்சியாளர்களின் மூச்சிலும் படிகிறது. மாநகராட்சி மழைநீர் சேகரிப்புக் கிணறுகளை அமைத்தது, நீர் தெளித்தது, புல் வளர்க்க முயன்றது, ஐஐடி மும்பையின் ஆலோசனையையும் நாடியது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தலையிட்டது. மண்ணை அகற்ற வேண்டும் என்பது குடியிருப்போர் கோரிக்கை. மேல்மண்ணை எடுத்தால் ஆடுகளங்கள் என்னவாகும் என்பது விளையாட்டுச் சங்கங்களின் கவலை. புல் வேர்பிடிக்க வேண்டுமானால் தரையைச் சில மாதங்கள் மிதிக்காமல் விட வேண்டும். கூட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் நடைப்பயிற்சிக்கும் ஒருசேர அது விடுமுறை. அதைக் கேட்க எந்தத் தரப்பும் முன்வரவில்லை.

நினைவிடக் கோரிக்கைகள்

நாட்கணக்குக்குள் அடங்காத கோரிக்கையும் இங்கு எழுந்துள்ளது. பால் தாக்கரேயின் உடல் 2012 நவம்பர் 18 அன்று இம்மைதானத்தில் தகனம் செய்யப்பட்டது. அவ்விடத்தில் தொண்டர்கள் எழுப்பிய தற்காலிக அமைப்பு, மாநகராட்சியின் நோட்டீசுக்குப் பிறகு அடுத்த மாதம் அகற்றப்பட்டது. நினைவிடத்துக்குப் பின்னர் தேர்வானது அருகே கடற்கரையோரம் உள்ள மேயர் பங்களா. மேயரின் இல்லம் பைகுல்லாவுக்கு மாறியது. 2022 பிப்ரவரி 6 அன்று பாடகி லதா மங்கேஷ்கரின் இறுதிச் சடங்கும் இங்கு நடந்தபோது, மைதானத்திலேயே அவருக்கு நினைவிடம் அமைக்க வேண்டும் என்று பாஜக சட்டப்பேரவை உறுப்பினர் ராம் கதம் கோரினார். விளையாட்டு மைதானம் சுருங்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. சிவாஜி பார்க்கில் நினைவிடம் தங்கள் குடும்பத்தின் விருப்பமல்ல என்று லதாவின் தம்பி ஹிருதயநாத் மங்கேஷ்கர் அறிவித்ததை அடுத்து, அந்தக் கோரிக்கை அத்துடன் அடங்கியது.