பட்டன் எங்கே பாஸ்? காருக்குள் குடியேறிய ஸ்கிரீன்கள்!

புது கார் பார்க்க ஷோரூம் போனால், இப்போ முதல்ல காட்டுவது இன்ஜினை இல்லை, ஸ்கிரீனைத்தான். 'மைலேஜ் எவ்வளவு?' என்பதோடு 'எத்தனை இன்ச்?' என்றும் கேட்கப் பழகிட்டோம்.

இதை டெஸ்லாதான் ஆரம்பிச்சதுன்னு நினைக்காதீங்க. 1986-லேயே அமெரிக்காவின் ப்யூக் ரிவியேரா காரில் டச் ஸ்கிரீன் வந்துவிட்டது. பழைய டி.வி-யில் இருக்குமே, அதே பிக்சர் ட்யூப்! ரேடியோ, ஏ.சி எல்லாம் அதில்தான். எடுபடவில்லை, சில வருடங்களில் கைவிட்டார்கள். 2012-ல் டெஸ்லா மாடல் எஸ் 17 இன்ச் ஸ்கிரீனோடு வந்தபோது, எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இருந்தது. செம ஹிட். இன்று மெர்சிடிஸின் ஹைப்பர்ஸ்கிரீன் 56 இன்ச் அகலம். நம்ம ஊர் மஹிந்திரா எக்ஸ்.இ.வி 9இ-யில் 12.3 இன்ச் ஸ்கிரீன்கள் மூன்று.

கம்பெனிகளுக்கும் இது வசதி. ஒவ்வொரு பட்டனுக்கும் தனி டிசைன், தனி அச்சு, தனி வயர் வேண்டும். ஸ்கிரீன் என்றால் சாஃப்ட்வேர் போதும். காரை விற்ற பிறகும் அப்டேட் அனுப்பலாம்.

மேப், ரிவர்ஸ் கேமராவுக்கு ஸ்கிரீனை அடிச்சுக்க ஆளே இல்லை. ஆனால் ஏ.சி-யைக் கூட்டவும் மெனுவுக்குள் போகணும்னா? பட்டனை விரலே தடவிக் கண்டுபிடித்துவிடும். கண்ணாடியில் மேடு பள்ளம் ஏது? கண் போயே ஆகணும். 60 கி.மீ வேகத்தில் 2 விநாடி ஸ்கிரீனைப் பார்த்தால், கார் 33 மீட்டர் போயிருக்கும்.

ஸ்வீடனின் 'வி பிலேகரே' கார் பத்திரிகை 2022-ல் இதை டெஸ்ட் செய்தது. 110 கி.மீ வேகத்தில் ரேடியோ மாற்றுவது, சீட் ஹீட்டர் போடுவது மாதிரியான வேலைகள். பட்டன்கள் நிறைந்த 2005 மாடல் வால்வோ வி70-யில் 10 விநாடியில் முடிந்தது. எம்.ஜி மார்வெல் ஆர் எலெக்ட்ரிக் காரில் 44.9 விநாடி! அதற்குள் கார் 1.3 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. டிரைவருக்கு முன்கூட்டியே பழக நேரம் கொடுத்தும் இந்த நிலை.

ஸ்கிரீனே மக்கர் பண்ணினால்? 2021-ல் மெமரி சிப் பிரச்னையால் சுமார் 1.35 லட்சம் கார்களை டெஸ்லா திரும்ப அழைத்தது. ஸ்கிரீன் போனால் ரிவர்ஸ் கேமராவும் போச்சு.

இப்போ காத்து திரும்புது. இண்டிகேட்டர், ஹசார்டு லைட், ஹாரன், வைப்பர், எஸ்.ஓ.எஸ் ஆகியவற்றுக்குத் தனி பட்டனோ லீவரோ இல்லாவிட்டால், 2026 முதல் யூரோ என்கேப் பாதுகாப்பு மதிப்பீட்டில் பாயின்ட் குறையும். ஃபோக்ஸ்வேகனும் வால்யூம், ஹீட்டர், ஃபேன் போன்றவற்றுக்குப் பட்டனைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறது.

டெஸ்ட் டிரைவ் போறீங்களா? கிளம்பும் முன், நின்ற காரிலேயே கண்ணை மூடிக்கொண்டு ஃபேன், வால்யூம், கண்ணாடிப் பனி நீக்கும் டிஃபாகர் மூன்றையும் கையாலேயே தேடிப் பாருங்கள். மத்தியான வெயிலில் ஸ்கிரீன் தெரியுதான்னும் பாருங்க. வாரன்டி முடிந்தபின் அதை மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும், அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே கேட்டுடுங்க!