நழுவிப்போன மருத்துவத் துறை: பெங்களூருவில் கொடையும் ஆய்வும், 1898–2022

2022 பிப்ரவரியில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், முதுநிலை மருத்துவப் பள்ளியும் 800 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் தன் வளாகத்தில் அமையும் என்று அறிவித்தது. மைண்ட்ட்ரீ நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் இருவரான சுப்ரதோ பாக்சியும் என். எஸ். பார்த்தசாரதியும், தத்தம் துணைவியர் சுஸ்மிதா, ராதா ஆகியோரோடு இணைந்து, இதற்கென 425 கோடி ரூபாய் வழங்க முன்வந்தனர். பொறியியலும் மருத்துவமும் ஒரே வளாகத்தில் கூடி, புதிய மருத்துவக் கருவிகளையும் சிகிச்சைகளையும் உருவாக்குவதே நோக்கம். புதிய முயற்சி போலத் தோன்றும் இது, உண்மையில் நூற்றாண்டுக்கு முன் கைவிடப்பட்ட ஒன்றின் மீட்சி.

1898 டிசம்பர் 31 அன்று, அடுத்த வைஸ்ராயாகப் பொறுப்பேற்கவிருந்த கர்சனிடம் ஜாம்செட்ஜி டாட்டாவின் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத் திட்டம் அளிக்கப்பட்டது. வரைவை உருவாக்குவதில் முதன்மைப் பங்கு பர்ஜோர்ஜி பாத்ஷாவுடையது. அதில் மூன்று பிரிவுகள் இருந்தன: அறிவியலும் தொழில்நுட்பமும், மருத்துவம், தத்துவமும் கல்வியும். மூன்றாம் பிரிவில் ஒப்பியல் மொழிநூலுக்கும் இடம் இருந்தது. மருத்துவம் இடம்பெற்றது தற்செயலன்று. 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் 1898இல் பெங்களூருவை எட்டியிருந்தது. அவ்விடைவெளியில், 1897 ஜனவரியில், பம்பாயில் ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசியை உருவாக்கியிருந்தார். ஆய்வுக்கூடம் உயிர் காக்கும் என்பது அன்றைய மக்கள் கண்முன் கண்ட செய்தி.

டாட்டா அளித்த கொடையின் வடிவம் கவனிக்கத்தக்கது. சுமார் 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள தம் பம்பாய்ச் சொத்துகளை அவர் ஒதுக்கினார். அவற்றிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1.25 லட்சம் ரூபாய் வருமானம் எதிர்பார்க்கப்பட்டது. அதாவது, அவர் தந்தது செலவழிந்து தீரும் தொகையன்று. முதல் குறையாமல் வருமானம் தரும் நிலைநிதி. தம் பெயரை நிறுவனத்துக்கு இட வேண்டும் என்றும் அவர் கேட்கவில்லை.

ஆயினும் அந்த நிதி மட்டும் போதவில்லை. மாணவர் வருவார்களா, படித்தவர்க்கு வேலை கிடைக்குமா என்று கர்சன் ஐயுற்றார். ஆய்வுரை வழங்க வந்த வேதியியலர் வில்லியம் ராம்சே பெங்களூருவைத் தகுந்த இடமாகப் பரிந்துரைத்தார். அவருடைய கருத்து தொழில்களுக்கு உதவும் அறிவியலின் மீதே நின்றது. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலமும், கட்டடங்களுக்கு 5 லட்சம் ரூபாயும், ஆண்டுதோறும் 50,000 ரூபாயும் தர இசைந்தது. 1904இல் டாட்டா மறைந்தார். 1909 மே 27 அன்று நிறுவன ஆணை பிறந்தது. 1911இல் மாணவர் சேர்ந்தபோது அங்கிருந்தவை வேதியியலும் மின்தொழில்நுட்பமும். மருத்துவப் பிரிவு திட்டத்திலிருந்து நழுவியிருந்தது. அதை வேண்டாம் என்று எவரும் வாதிட்டு வீழ்த்த வேண்டியிருக்கவில்லை. தொகை குறையும்போது, தனக்கெனக் கொடையாளர் இல்லாத பிரிவே முதலில் உதிர்கிறது.

பாத்ஷாவின் திட்டத்துக்கு முன்மாதிரியாக விளங்கிய பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இதே இடரைச் சந்தித்தது. நிறுவனரின் 70 லட்சம் டாலர் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் சமமாகப் பிரிந்தது. 1876இல் பல்கலைக்கழகமும் 1889இல் மருத்துவமனையும் தொடங்கின. மருத்துவப் பள்ளிக்கோ பணம் இல்லை. குறைந்த தொகையை மேரி காரெட் தந்தார். பெண்களையும் ஆண்களுக்கு நிகராகச் சேர்க்க வேண்டும், சேர்வோர் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகளுள் முக்கியமானவை. 1893இல் பள்ளி திறந்தது. கொடையாளரின் நிபந்தனை அங்கே ஒரு நாட்டின் மருத்துவக் கல்வித் தரத்தையே உயர்த்தியது.

நிபந்தனை எப்போதும் இவ்வளவு விரிந்ததாய் அமைவதில்லை. லேடி மெஹர்பாய் டாட்டா 1931இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபின், கணவர் தொராப்ஜி 1932இல் நிறுவிய அறக்கட்டளை அந்நோயின் ஆய்வுக்கே முதன்மை தந்தது. குடும்பத்தின் துயரம் ஆய்வின் திசையாயிற்று. அண்மைக்காலப் பெங்களூருவிலும் நோயையோ உறுப்பையோ மையமாகக் கொண்ட கொடைகளே மிகுதி. மூப்படையும் மூளையை ஆராய, கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் பிரதிக்ஷா அறக்கட்டளை 2014இல் அறிவியல் கழகத்துக்குப் பத்தாண்டுகளில் 225 கோடி ரூபாய் தர ஒப்பியது. நிம்ஹான்ஸ், தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகியவற்றின் மூளை-மன ஆய்வு மையத்துக்கு ரோகிணி நிலேகணி அறக்கொடை 2023இல் 100 கோடி ரூபாய் அறிவித்தது.

இவை பெருந்தொகைகள், ஆனால் காலவரையறை கொண்டவை. 1.25 லட்சம் ரூபாய் ஆண்டு வருமானத்துக்கு அந்த வரையறை இல்லை. ஒரு மருத்துவக் கருவி ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கையை அடையப் பல ஆண்டுகள் ஆகும்: மாதிரி செய்ய வேண்டும், மருத்துவமனையில் சோதிக்க வேண்டும், அனுமதி பெற வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். நல்கை அதற்கு முன்பே முடிந்துவிட்டால் கருவி அலமாரியில் தங்கிவிடும்.

ஆகவே, அறக்கட்டளைகளின் வாயிலை நாடும் இளம் ஆய்வாளர் எவ்வளவு கிடைக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாகாது. பணம் எந்த வடிவில் வருகிறது, யார் நிலம் தருகிறார், யார் ஆண்டுச் செலவை ஏற்கிறார், நல்கை முடிந்த மறுநாள் சம்பளம் யாருடையது என்பவையும் கேட்கப்பட வேண்டியவை. டாட்டாவின் கொடை நிலைத்ததற்கு அதன் பெருந்தன்மை மட்டும் காரணமன்று. மைசூரின் நிலமும் அரசின் ஆணையும் அதனோடு சேர்ந்தன. மருத்துவத் துறைக்கு அந்தச் சேர்க்கை வாய்க்கவில்லை. 1898இல் எழுதப்பட்ட அந்த ஒரு வரிக்குக் கொடையாளர் கிடைக்க 124 ஆண்டுகள் ஆயின.