கட்டுமுன் காணும் வீடு

பிறந்த ஊரை விட்டுப் பணியின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு, ஊரில் ஒரு வீடு கட்டவேண்டும் என்னும் ஆசை மாறுவதில்லை. அவ்வீட்டை நாம் முதலில் காண்பது செங்கல்லில் அன்று, படத்தில். அப்படத்தின் வரலாற்றை எண்ணிப் பார்க்கத் திருவனந்தபுரம் ஏற்ற இடம்.

இந்நகரின் நேப்பியர் அருங்காட்சியகம் 1880-இல் கட்டி முடிக்கப்பெற்றது. அதனை வடிவமைத்த ராபர்ட் சிசோம் சென்னை அரசின் கட்டடக்கலை ஆலோசகர். சேப்பாக்கத்துச் செனட் இல்லமும் அவர் படைப்பே. அந்நாளில் கட்டடம் தாளிலும் மையிலுமே முதலில் உருப்பெற்றது.

பின்னர் வந்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, 2007-இல் இந்நகரில் மறைந்தவர். நகரின் உள்ளூர் என்னும் பகுதியில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையமும், தம்பானூரில் சுழன்று உயரும் இந்தியன் காப்பி ஹவுஸும் அவர் ஆக்கியவை. அவர் தம் கையாலேயே வரைந்தார். ஆயினும் மனையில் நின்று பார்த்து வரைந்ததை மாற்றவும் தயங்கியதில்லை. மரத்தை வெட்டாமல் சுவரையே வளைத்தார்.

கணிப்பொறி வரைகலையின் கதை வேறு. 1963-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட், 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலால், ஒளிப்பேனா கொண்டு திரையில் கோடு வரைந்து காட்டினார். 2000-இல் 'ஸ்கெட்ச்அப்' வந்தது. திரையில் வரைந்த கட்டத்தை மேலே இழுத்தால் சுவர் எழும். ஊரின் அட்சரேகையும் நாளும் நேரமும் குறித்தால், நிழலையும் அதுவே கணித்துவிடும். திருவனந்தபுரம் வடக்கே ஏறத்தாழ 8.5 பாகையில் உள்ளது. ஆகவே ஜூன் மாத நண்பகலில் கதிரவன் சற்று வடக்கே நிற்க, நிழல் தெற்கே விழும். அட்சரேகையைத் தவறாகக் குறித்தால், படத்தில் குளிர்ந்து கிடக்கும் வடக்குத் திண்ணை, கட்டிய பின் வெயிலில் காயும்.

நம் அனுபவம் ஒன்று. ஊரில் நாம் கட்ட எண்ணிய வீட்டின் படம் கைப்பேசிக்கு வந்தது. பளிங்குத் தரை, பசும்புல், வாசலில் நாம் வாங்காத கார். எல்லாம் இருந்தன, மனையில் நிற்கும் வேப்பமரம் மட்டும் இல்லை. அதனையும் வரையுமாறு கேட்டோம். மரம் வந்ததும் ஓர் அறை குறுகியது, செலவும் குறைந்தது.

குற்றம் கருவியினுடையது அன்று. மனையில் உள்ளதைச் சொல்லாவிடின் கணிப்பொறி அறியாது. தொலைவில் இருந்து வீடு கட்டும் நாம், படத்தின் அழகைக் காணுமுன், நம் மண் அதில் இருக்கிறதா என்று பார்ப்போமாக.