லண்டனுக்குப் போய்த் திரும்பிய முதல் விமானம்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த தேசிய வான்-விண்வெளி அருங்காட்சியகம் உள்ளது. 1976-ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. அட்லாண்டிக் மாகடலைத் தன்னந்தனியே கடந்த லிண்ட்பர்க்கின் விமானத்தையும், சந்திரனுக்குச் சென்று மீண்ட அப்போலோ-11 கலத்தையும் அங்கே காணலாம். ஆனால் உள்ளே செல்பவர்கள் அவசியம் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டியது மரச்சட்டம், துணி, கம்பி ஆகியவற்றாலான ஒரு பழைய பொறியைத்தான்.

அதன் முன்புறம் எது, பின்புறம் எது என்றே முதலில் புலப்படாது. ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் சிறு தளங்கள் வாலில் இல்லாமல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். முனைக்கு முனை 12.3 மீட்டர். ஓட்டுபவருக்கு இருக்கை கிடையாது. கீழ் இறக்கையின்மேல் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வலப்புறம் 12 குதிரைத் திறனுள்ள எஞ்சின். அங்கிருந்து பின்னாலுள்ள இரண்டு சுழல் விசிறிகளுக்குச் சங்கிலி ஓடுகிறது. சைக்கிள் கடைக்காரர்கள் செய்த விமானம் அல்லவா! ஆள் இல்லாமல் அதன் எடை 274 கிலோகிராம்.

1903 டிசம்பர் 17 அன்று, வட கரோலினாவின் கடலோர மணல்வெளியில், ரைட் சகோதரர்கள் இதை நான்கு முறை பறக்க விட்டனர். முதன்முறை ஓட்டியவர் இளையவர் ஆர்வில். 12 விநாடிகள், 120 அடி. எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் வீசியதால் தரைக்கணக்கில் இவ்வளவுதான் வந்தது. நான்காம் முறை மூத்தவர் வில்பர் 59 விநாடிகளில் 852 அடி சென்றார். அதன்பின் தரையில் நின்றிருந்தபோதே பலத்த காற்று அதைப் புரட்டிப் போட்டு உடைத்துவிட்டது. அது மறுபடி பறக்கவே இல்லை. நான்கு பயணங்களையும் சேர்த்தால் இரண்டு நிமிடங்கள்கூட ஆகா.

இத்தகைய அரும்பொருள் 1928 முதல் 1948 வரை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தது. சொந்த நாட்டை விட்டு அது போனதற்குக் காரணம், இன்னொரு விமானத்தின்மேல் தொங்கிய விளக்க அட்டை.

அந்த இன்னொரு விமானத்தை அமைத்தவர் ஸாமுவேல் லாங்லி. ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் செயலாளராக இருந்தவர்; பெயர் பெற்ற வானியல் அறிஞர். 1896-இல் நீராவியால் இயங்கிய அவருடைய ஆளில்லாத மாதிரி விமானம் ஆயிரம் மீட்டர் அளவுக்குப் பறந்தது. இதைக் கண்ட அமெரிக்க யுத்த இலாகா, ஆளைத் தாங்கும் விமானம் செய்ய 50,000 டாலர் வழங்கியது. அதற்கென அமைந்த எஞ்சின் 52 குதிரைத் திறன் கொண்டது. ரைட் எஞ்சினைப் போல் நாலு மடங்குக்கு மேல்! ஆயினும் 1903 அக்டோபர் 7 அன்றும் டிசம்பர் 8 அன்றும் படகின் மேல்தளத்திலிருந்து உந்தி விடப்பட்டபோது, இருமுறையும் அது பொடோமாக் ஆற்றில் விழுந்தது. ஓட்டிய மான்லி உயிர் தப்பினார். பத்திரிகைகள் லாங்லியை எள்ளி நகையாடின. 1906-இல் அவர் காலமானார். இரண்டாம் விபத்துக்கு ஒன்பதாம் நாள்தான் ரைட் விமானம் பறந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

வேற்றுமை எங்கே இருந்தது? லாங்லி எஞ்சினில் கருத்தைச் செலுத்தினார். ரைட் சகோதரர்களோ, காற்றில் சாயும் பொறியை எப்படி நிமிர்த்துவது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினர். 1901-இல் தாங்களே செய்த காற்றுச் சுரங்கத்தில் சுமார் இருநூறு இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். ஓட்டுபவரின் இடுப்பு ஒரு தொட்டிலில் பொருந்தியிருக்கும். அவர் இடுப்பை அசைத்தால் கம்பிகள் இழுபட்டு இறக்கையின் முனைகள் முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் தூக்குவிசை கூடும், மறுபக்கம் குறையும். அவர்கள் பெற்ற பேட்டன்ட் உரிமையின் உயிர்நாடி இதுவே.

இந்த உரிமையைக் குறித்த வழக்கில், 1914 ஜனவரியில் தோற்றவர் கிளென் கர்ட்டிஸ் என்னும் விமானத் தொழிலதிபர். ரைட்டுக்கு முன்பே வேறொரு விமானம் பறக்கக்கூடியதாக இருந்தது என்று காட்டினால் அவருக்கு அனுகூலம். லாங்லியின் பெயரை மீட்டுத் தந்தால் ஸ்மித்ஸோனியனுக்கு மகிழ்ச்சி. ஆகவே ஆற்றில் விழுந்த அந்தப் பழைய விமானத்தை, அதே ஆண்டில், நிறுவனம் கர்ட்டிஸின் கையிலேயே சோதனைக்கு ஒப்படைத்தது. அவர் இறக்கையின் வளைவை மாற்றினார், இழுகம்பிகளை வேறிடத்தில் பூட்டினார், சுழல் விசிறிகளைத் திருத்தினார், மிதவைகளைக் கட்டினார். நியூயார்க் மாநிலத்து ஏரியொன்றில் அது சில விநாடிகள் நீரை விட்டு எழும்பியது. பின்னர் பழைய உருவத்துக்கே மாற்றி, 1918-இல் காட்சிக்கு வைத்தார்கள். ஆளைச் சுமந்து பறக்கவல்ல உலகின் முதல் விமானம் இதுவே என அட்டை கூறியது. செய்த மாற்றங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கருவியை மாற்றிவிட்டுக் கிடைத்த முடிவைப் பழைய கருவியின் பேரில் எழுதினால், பள்ளிச் சோதனைச்சாலையிலேயே ஆசிரியர் குறிப்பேட்டைத் திருப்பித் தந்துவிடுவார். இங்கே எழுதியதோ நாட்டின் தலையாய அறிவியல் நிறுவனம்.

வில்பர் 1912-இல் டைபாய்டு காய்ச்சலால் இறந்துவிட்டார். மறுஆண்டு டேட்டன் நகரில் வந்த பெருவெள்ளத்தில், பெட்டிகளில் கிடந்த 1903 விமானம் பதினொரு நாள் சேற்று நீரில் ஊறியது. ஆர்வில் அதைச் செப்பனிட்டு, துணியைப் புதிதாகப் போர்த்தி, 1928-இல் லண்டனுக்கு அனுப்பினார். நிறுவனம் அட்டையின் வாசகத்தைச் சற்றுத் தணித்துப் பார்த்தது, அவர் இணங்கவில்லை. அவர் கேட்டது பணமன்று, பாராட்டுமன்று. 1914-இல் செய்த மாற்றங்களின் பட்டியலை அச்சிட்டு வெளியிட வேண்டும் என்பது மட்டுமே. பிடிவாதக்காரர் என்று பலர் குறை கூறினர். எனக்கென்னவோ அவர் கேட்டது மிகக் குறைவாகவே தோன்றுகிறது.

பட்டியல் 1942 அக்டோபரில் வந்தது. அப்போது உலகப் போர். மேற்கு இங்கிலாந்தின் பழைய கற்சுரங்கம் ஒன்றில் விமானம் குண்டுவீச்சுக்குத் தப்பிப் பத்திரமாக இருந்தது. போர் முடிந்ததும் திருப்பித் தருமாறு ஆர்வில் லண்டனுக்கு எழுதினார். ஆனால் அது தாய்நாடு திரும்பியதைக் காண அவர் இல்லை. 1948 ஜனவரியில் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று வாஷிங்டனில் அதைக் காட்சிக்கு வைத்தனர். லண்டனில் இப்போது இருப்பது நகல்.

ஆர்விலின் சொத்தை நிர்வகித்தவர்கள் விமானத்தை ஒரு டாலருக்கு விற்றார்கள். நிபந்தனை ஒன்று உண்டு. இதற்கு முன் வேறொரு விமானம் ஆளைச் சுமந்து, கட்டுப்பாட்டுடன், தன் விசையால் பறக்கவல்லதாக இருந்தது என ஸ்மித்ஸோனியன் எப்போதாவது சொன்னால், விமானம் வாரிசுகளுக்கே திரும்பிவிடும். பொய்யான அட்டையால் பட்ட காயம் அது. ஆனாலும், அருங்காட்சியகம் சரித்திரத்தில் எதைச் சொல்லலாம் என்பதை ஓர் ஒப்பந்தம் கட்டிவைப்பது நெருடலாகவே இருக்கிறது. வேறு சிலர்தாம் முதலில் பறந்தவர் என வாதிடுவோர் இந்நிபந்தனையைத்தான் சுட்டுகிறார்கள். ஒப்பந்தமே இல்லாவிட்டாலும், அன்று காலையில் கடலோர மீட்புநிலைய ஊழியர் டேனியல்ஸ் எடுத்த புகைப்படம் இருக்கிறது. ஆர்விலின் நாட்குறிப்பும் இருக்கிறது.

முன்பு கூரையிலிருந்து தொங்கிய ரைட் விமானம் 2003 முதல் தரைமட்டத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆகையால் இடுப்புத் தொட்டிலையும் அதிலிருந்து செல்லும் கம்பிகளையும் கண்ணெதிரே பார்க்கலாம். துணி மட்டும் பழையதன்று. ஆர்வில் போர்த்தியதையும் அகற்றி 1985-இல் புதிதாகப் போர்த்தினர். லாங்லியின் விமானம் இதே அருங்காட்சியகத்தின் கிளையில், நகருக்கு வெளியே டல்லஸ் விமான நிலையத்தை அடுத்து இருக்கிறது. அங்கும் செல்பவர்கள், அதன் இறக்கைகளை முறுக்குவதற்கு ஏதேனும் ஏற்பாடு உண்டா என்று தேடிப் பார்க்கவும்.