அரசு என்னும் சொல்



"சேர், அரசு என்றால் மரமா, ஆட்சியா?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். இரண்டுந்தான் என்றேன். வன்னியில் இவ்விரண்டு பொருளும் ஒன்றோடொன்று மோதுவதை அவளுக்கு எப்படி விளக்குவது?

பலாவும் ஆலும் சேர்ந்த மல்பெரிக் குடும்பத்தைச் சார்ந்தது அரசு. ஆண்டுக்கொருமுறை இலை உதிர்த்துச் செந்துளிர் விடும். எங்கள் ஊர்க் குளக்கட்டுப் பிள்ளையாருக்கு அதன் நிழலே பந்தல். 2010இல் நாம் மீளக்குடியேறியபோது கோயிலில் ஒரு சுவர் மட்டுமே எஞ்சியிருந்தது. அரசு நின்றது.

2021இல் முல்லைத்தீவுக் குருந்தூர்மலையில் தொல்லியல் அகழ்வு தொடங்கியது. அங்கு வழிபடும் உரிமை பற்றிய பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. அதன் பின்னர் ஒருநாள் எங்கள் கோயிற் சுவரின் வெடிப்பில் ஓர் அரசங்கன்றைக் கண்ட பெரியவர் ஒருவர், "மாஸ்ரர், உந்தக் கன்றைப் பிடுங்கிவிடுங்கோ. பிறகு இதைச் சாட்டிக் காணி கேட்டு வருவினம்" என்றார்.

அவர் அச்சம் காரணமற்றதன்று. ஆயினும் மகாவம்சம் சொல்லும் கதையை எண்ணிப் பாருங்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சங்கமித்தை கொணர்ந்த போதிக்கிளை கரையிறங்கியது வடக்கே, சம்புகோளத்தில். மாதகலை அடுத்த சம்பில்துறையே அது என்பர். அங்கிருந்து அநுராதபுரத்துக்குத் தரைவழி போவோர் வன்னியைக் கடந்தே ஆகவேண்டும். அம்மரத்தின் முதல் எட்டுக் கன்றுகளுள் ஒன்று சம்புகோளத்தில் நடப்பட்டது. மற்றொன்று திவக்கன் என்னும் பிராமணனின் ஊரில். மணிமேகலை பாடிய சாத்தனாரும் இம்மரத்தைப் 'போதி' என்று தமிழில் போற்றியவரே. அந்த நாளில் அது ஒரு மொழியாருக்கு மட்டும் நிழல் தரவில்லை.

நிழலைக் குருதியால் நனைத்தோர் ஒரு பக்கத்தவர் மட்டுமல்லர். 1985 மே 14இல் அநுராதபுரத்து ஸ்ரீமகாபோதியில் வழிபட்டு நின்ற மக்கள் தமிழ் இயக்கத்தவரின் துப்பாக்கிகளுக்கு இரையானார்கள். அதை நாம் மறைத்தல் தகாது.

எங்கள் சுவரில் அந்தக் கன்றை நட்டவர் யார்? பழம் தின்று எச்சமிட்ட ஏதோ ஒரு குருவி. அதற்கு அரசு என்றால் மரம் மட்டுந்தான்.

கன்றை நானே பிடுங்கினேன். விட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும். ஆனால் குளத்தில் கைகழுவியபோது ஓர் ஐயம் எழுந்தது; இன்னும் தீரவில்லை. பிடுங்கியது சுவருக்காகவா, அச்சத்துக்காகவா?